படத்தில் இல்லாத பூ

மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிதான், ஆனால் தோட்டப் பள்ளிக்கூடத்தின் ஜன்னல்களையெல்லாம் கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கால் மூடியிருந்ததால் உள்ளே கும்மிருட்டு. சாக்கில் ஊறிய தேயிலைக் கறையின் வாடை மூக்கை அடைத்தது. சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் ஒரு குதிரை முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, அந்தப் பக்கம் ஓடும் ஆற்றைப் பார்த்தது.

துணிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, கையில் குரலைப் பெரிதாக்கும் தகரக் குழலோடு நான் நின்றேன். வயது இருபத்தொன்று. தோட்டத்துச் சனம் முழுவதும் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. படத்தில் வெளுத்த கவுன் போட்ட ஒரு விதவை, ஆற்றுக்கு வேலி போட்ட பண்ணைக்காரன் முன்னால் போய் நின்று ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அதில் தண்ணீர் என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

"என்னா சொல்லுது வாத்தியாரே அந்தப் பொம்பள?" என்று செல்லம்மா அக்கா கேட்டார். கொழுந்தெடுக்கும் பெண்களில் வாய்த்துடுக்குக்காரி. எப்போதும் முன்வரிசையில்தான் இருப்பார்.

நான் குழலை வாயில் வைத்தேன். "தொரை, ஒங்க பூவுக்கு ஊத்துற தண்ணிய எங்க புள்ளைங்களுக்கு விடுங்க தொரை. விடியக்காலம் நாலு மணியிலேருந்து காத்துக் கெடக்கோம்."

சொல்லி முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. வழக்கமாக நான் ஒரு வசனம் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள், இரண்டு பேர் எதிர்க்கேள்வி கேட்பார்கள். அன்றைக்கு ஒருவரும் மூச்சு விடவில்லை. படம் காட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது. பெரிய துரை மழையினால் பங்களாவுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதை நான் கவனிக்கவே இல்லை.

நான் குழல் பிடித்த கதை

உங்களுக்குப் பிடித்த படங்களைப் பற்றி எழுதுங்களேன் என்று கண்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தால் இந்த முக்காலிதான் முன்னால் வந்து நிற்கிறது, நான் என்ன செய்ய?

எங்கள் தோட்டம் எல்கடுவப் பக்கம். மாத்தளை டவுனுக்குப் போய் படம் பார்ப்பதென்றால் ஒரு நாள் வேலையை விட வேண்டும். அதனால் எங்கள் வெள்ளைக்காரத் துரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சொந்த இயந்திரத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் படம் காட்டுவார். கொழும்பில் இருக்கும் தம்பி படப் பெட்டிகளை அனுப்பிவைப்பாராம். முதலில் ஒரு சித்திரப்படம், பிறகு ஒரு கௌபாய் படம். எல்லாம் இங்கிலீஸ். அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

எனக்கு இங்கிலீஸ் தெரியாது. இதை இன்றைக்குச் சொல்லும்போதும் காதெல்லாம் சூடாகிறது. டவுனில் சாமியார்மார் நடத்திய பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்தேன். அங்கே இங்கிலீஸ் செபங்களையும் ஒரு நீண்ட பாட்டையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அர்த்தம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாதா கோயில் திருநாளில் அந்தப் பாட்டை நான் சொல்ல, விருந்தாளியாக வந்திருந்த துரை கேட்டுவிட்டு, "நல்ல இங்கிலீஸ்" என்று முதுகில் தட்டினார். அடுத்த வாரமே தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் வேலை கொடுத்தார்.

தேயிலைச் செடியை நறுக்கிக் கவ்வாத்து வெட்டுகிறவர் மகன் வாத்தியார் ஆகிவிட்டான் என்று, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயமே கொண்டாடியது. எங்கள் அப்பா சவரிமுத்து அன்றைக்குத்தான் முதல்முதலாக அரைக்கைச் சட்டை வாங்கிப் போட்டார். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல வாய் வருமா?

சித்திரப்படமும் கௌபாயும்

சித்திரப்படம் என்றால் எனக்கு உயிர். அதில் யாரும் பேசுவதில்லை என்பதுதான் முதல் காரணம். ஒரு ஆமை, பழைய பீப்பாயில் ஏறிக் கடல் தாண்டிப் போகும் ஒரு படத்தை நாலைந்து தடவை காட்டினார்கள். பீப்பாயில் ஓட்டை விழும், ஆமை தன் முதுகோட்டாலேயே அதை அடைக்கும். அந்தப் பத்து நிமிடமும் நான் குழலைக் கீழே வைத்துவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து வயிறு குலுங்கச் சிரிப்பேன். இன்றைக்கும் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து சித்திரப்படம் பார்க்கும்போது என் உடம்பு லேசாகிவிடுகிறது.

கௌபாய் படம் அப்படியில்லை. சனிக்கிழமையே எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். அம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சித் தருவார். ஆனாலும் பிடிக்கும், மிகவும் பிடிக்கும். காரணம், கௌபாய்கள் அதிகம் பேசமாட்டார்கள். ஒருவன் குதிரையில் வருவான், இன்னொருவன் கதவோரம் சாய்ந்து நிற்பான், இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே இருப்பார்கள். அதற்குள் நான் ஒரு கதையைக் கட்டிவிடுவேன்.

என் கெட்டித்தனமெல்லாம் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான். மேசையில் ஓங்கி அடித்தால் மிரட்டல். தொப்பியைக் கழற்றினால் மன்னிப்பு. ஆணும் பெண்ணும் மெதுவாகப் பேசினால், "ஒடம்பப் பாத்துக்கங்க, நேரத்துக்குச் சாப்புடுங்க." வில்லனுக்கு மட்டும் டவுனில் பார்த்த தமிழ்ப் படங்களின் தோரணையில் நீட்டி முழக்கி வசனம் வைப்பேன். அவன் அங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எச்சில் துப்பியிருப்பான்.

கேள்வி கேட்பதில் எங்கள் சனத்தை மிஞ்ச முடியாது. "இந்த ஊர்ல கொழுந்து எடுக்கிறது யாரு?" என்று ஒருத்தர் கேட்பார். "பொழுதன்னைக்கும் குருதையிலயே திரியிறானுங்களே, இவனுங்களுக்குப் பேரு போடுறது எந்தக் கணக்கப்பிள்ள?" என்று செல்லம்மா அக்கா கேட்பார். வேலைக்கு வந்தவர் பேரைப் புத்தகத்தில் எழுதிச் சம்பளக் கணக்கு வைப்பவர்தான் கணக்கப்பிள்ளை. குதிரை செத்துவிட்டால் ஒப்பாரியே வைப்பார்கள். மனிதர்கள் கூட்டமாய்ச் செத்தால் கண்டுகொள்ளமாட்டார்கள்.

துரை எப்போதும் முதல் பத்து நிமிடம், சித்திரப்படம் முடியும்வரை இருந்துவிட்டுப் போய்விடுவார். அதுதான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துத் தோட்டத் துரைமார் தமிழ் படித்துத் தேறித்தான் வேலைக்கு வருவார்கள். எங்கள் துரைக்குத் தமிழ் கரடுமுரடாக வரும், ஆனால் ஒரு சொல் விடாமல் விளங்கும்.

பீலித் தண்ணீர்

பூ எப்படி என் வாயில் வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் கீழ் லயத்துக்கு ஒரே ஒரு பீலி. மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்து இறக்கிய தண்ணீர். அந்த வருடம் பங்களாவில் புதிதாக ரோசாத் தோட்டம் போட்டார்கள். அதற்காக எங்கள் குழாயை நடுவழியில் வெட்டி ஒரு கிளையை அங்கே திருப்பினார்கள். பீலியில் விரல் தடிமனுக்கு விழுந்த தண்ணீர் நூலாகிப்போனது. பெண்கள் நாலு மணிக்கே குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். தண்ணீர் பிடித்துவிட்டு ஓடினால் பெரட்டுக்குப் பிந்திவிடும். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்போம். பிந்தியவர்களை அன்றைக்கு வேலையில்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்டால் பத்துச்சீட்டு. அந்த ஒரு துண்டுக் கடதாசியைக் கையில் கொடுத்தால் வேலை மட்டும் போகாது, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். சட்டிபானையோடு குடும்பமே ரோட்டுக்கு வர வேண்டியதுதான். வேறு தோட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள். எங்களை இந்தியாவுக்கு அனுப்புவார்களா, இங்கேயே வைத்துக்கொள்வார்களா என்பதும் முடிவாகாமல் இருந்த காலம். ரோட்டுக்கு வந்தவன் எங்கே போவான்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பீலிப் படியில் வழுக்கி விழுந்து, முழங்கை வீங்கி, அரைக்குடம் தண்ணீரோடு வந்தார். மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "பூவுக்குத்தான் மொத ஊத்தணுமாம்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். அது என் மண்டைக்குள் இருந்திருக்க வேண்டும். வேறென்ன சொல்ல?

மறுநாள் விடிய பீலிக்குப் போன பெண்கள் பெரட்டுக்குப் போகவில்லை. குடங்களோடு அங்கேயே நின்றுவிட்டார்கள். விரட்ட வந்த கங்காணியிடம், "வாத்தியாரு படத்துல சொன்னாரே, கேக்கலயா? பூவுக்கு ஊத்துறத எங்க புள்ளைங்களுக்கு விடச் சொல்லுங்க" என்று செல்லம்மா அக்கா சொன்னாராம். ஒன்பது மணிக்கு ஆபீசிலிருந்து ஆள் வந்தது. என்னையும் அப்பாவையும் துரை கூப்பிடுகிறார் என்றார்கள்.

ஆபீஸ்

ஆபீசுக்கு ஏறும் குறுக்குப் பாதையில் அப்பா முன்னால் நடந்தார். பாதி வழியில் நின்று, தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"நீ ஒண்ணும் பேசாத தம்பி. நான் பேசிக்கிறேன்" என்றார்.

உள்ளே போனதும் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்றுவிட்டார். மேசைக்குப் பக்கத்தில் பெரிய கிளாக்கர் நின்றார். அவர் கையில் ஒரு வெற்றுச் சீட்டு இருந்தது. அது என்ன சீட்டு என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

"வாத்தியார், அந்தப் படம் நான் மூணு தரம் பாத்தது. அதுல மாடு இருக்கு, ஆறு இருக்கு. பூ எங்க இருக்கு?" என்று துரை கேட்டார்.

வேண்டுமென்றே சொன்னேன் என்றால் அப்பாவுக்குப் பத்துச்சீட்டு. தெரியாமல் சொன்னேன் என்றால், இங்கிலீஸ் தெரியாதவனுக்கு எதற்கு வாத்தியார் வேலை? இரண்டையும் நிறுத்துப் பார்க்கக்கூட எனக்கு நேரமில்லை. அப்பாவின் கால்விரல்கள் சிமெந்துத் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

"எனக்கு இங்கிலீஸ் தெரியாதுங்க தொரை. எல்லாம் நானாக் கட்டிச் சொல்றதுதாங்க."

துரை நம்பவில்லை. மேசையிலிருந்த பத்திரிகையை எடுத்து நீட்டி, "வாசி" என்றார். வாசித்தேன். பிசிறில்லாமல் நாலு வரி வாசித்தேன். "அர்த்தம்?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது யாரோ செத்துப்போன செய்தி என்று கிளாக்கர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். நான் அதைப் பாட்டு மாதிரி ராகத்தோடு வாசித்திருக்கிறேன்.

துரை சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். கிளாக்கரும் சிரித்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது. முட்டாள் என்றால் பயமில்லை அல்லவா, அந்தச் சந்தோசம் துரைக்கு. கிளாக்கர் கையிலிருந்த சீட்டை மேசைமேல் வைத்தார், கிழிக்கவில்லை.

"நாளைக்குப் பெரட்டுல எல்லா ஆளுக்கும் சொல்லணும். இங்கிலீஸ் தெரியாது, படத்துல பூ இல்ல, அப்படிச் சொல்லணும். அப்புறம் பாப்போம்" என்றார் துரை.

பெரட்டுக்களம்

மறுநாள் காலையில் பனி தேயிலைச் செடிகளை மூடிக் கிடந்தது. வாத்தியார் பேசப்போகிறார் என்று கேள்விப்பட்டு வந்த பெண்கள் கூடையோடு ஒரு பக்கம், கவ்வாத்து ஆட்கள் கத்தியோடு ஒரு பக்கம். கணக்கப்பிள்ளை பேர்ப் புத்தகத்தைப் பிடித்திருந்தார். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்கத் துரையும் பெரிய கிளாக்கரும் வந்து நின்றார்கள்.

கல் படியில் ஏறினேன். தகரக் குழல் இல்லாமல் அவர்கள் முன்னால் நிற்பது அதுதான் முதல் தடவை.

"எனக்கு இங்கிலீஸ் தெரியாது. இத்தன மாசமா நான் சொன்னதெல்லாம் பொய்யி. மன்னிச்சுக்கங்க" என்றேன்.

காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். செல்லம்மா அக்கா வெற்றிலையை மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"அது தெரியும் வாத்தியாரே" என்றார். "அந்த வெள்ளக்காரன் வாய மூடுன பொறகும் நீங்க பேசிக்கிட்டுத்தான இருப்பீங்க. எங்களுக்குக் கண்ணு இல்லயா?"

கூட்டம் சிரித்தது. கவ்வாத்து வரிசையிலும் சிரித்தார்கள். இத்தனை சனிக்கிழமைகளும் எதற்காக வயிறு கலங்கினேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. துரையும் லேசாகச் சிரித்தார். இத்தோடு முடிந்தது என்று படியிலிருந்து இறங்கப் போனேன்.

"இன்னொண்ணு சொல்லச் சொன்னேன்" என்றார் துரை.

"படத்துல பூ இல்ல" என்றேன்.

சிரிப்பு நின்றது. செல்லம்மா அக்கா கூடையைக் கீழே இறக்கி வைத்தார். அவர் மடக்கக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"படத்துல இல்லயா? அப்ப அது யாரு பேச்சு?"

துரை என்னைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை பார்த்தார். கவ்வாத்து வரிசையில் நின்ற அப்பா, வேண்டாம் என்பதுபோல் தலையை மெதுவாக ஆட்டினார். வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அதை நம்பத் துரை தயாராகத்தான் இருந்தார். பெண்கள் வரிசையின் கடைசியில் அம்மா, வீங்கிய கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றார்.

"என் பேச்சுதான்" என்றேன். "எங்கம்மாவுக்காகச் சொன்னது."

இந்த இடத்தில் நிறுத்தினால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள், பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெண்கள் பெரட்டிலிருந்து நேரே பீலிக்குப் போய், அன்றைக்கும் மறுநாளும் அங்கேயே நின்றார்கள். கொழுந்து முற்றத் தொடங்கியது. மூன்றாம் நாள் குழாயின் கிளையை அடைத்துவிட்டார்கள், யார் உத்தரவு என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வேறு வாத்தியார் வந்தார். நான் தேயிலை ஆலைக்கு, ஸ்டோர் என்போம், தேயிலை அரிக்கப் போனேன். இங்கிலீசை அதற்குப் பிறகுதான், அர்த்தத்தோடு, முட்டி மோதிப் படித்தேன். வெகுகாலம் கழித்து டவுன் தியேட்டரில் அந்தப் படத்தை மறுபடி பார்க்கவும் செய்தேன். அந்த விதவை பண்ணைக்காரனிடம் தண்ணீர் கேட்கவே இல்லை. தண்ணீருக்கு என்ன விலை என்றுதான் கேட்கிறாள். எனக்கு அந்தப் படம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஆனால் அந்தக் காலையில் இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்?

துரை கணக்கப்பிள்ளையிடம், "பேரு கூப்பிடு" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு நடந்தார். கிளாக்கரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்.

கவ்வாத்து வரிசையில் முதலில் பேர் கூப்பிட்டார்கள். வழக்கமாகச் சன்னாசி, அதற்கடுத்து சவரிமுத்து. கூப்பிட்டால் வேலை இருக்கிறது. கூப்பிடாமல் தாண்டிப் போனால் ஆபீசில் சீட்டு எழுதுகிறார்கள் என்று அர்த்தம். நான் படியிலிருந்து இறங்காமல் நின்றேன்.

"சன்னாசி."

"இருக்கேங்க."

கணக்கப்பிள்ளை அடுத்த பேரில் விரலை வைத்தார். துரை போன பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"சவரிமுத்து."

அப்பா வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திறந்த வாயோடு நின்றார். கணக்கப்பிள்ளை இன்னொரு தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரமும் பதிலில்லை என்றால் பேரை அடித்துவிடுவார்.

நான் அப்பாவின் உதட்டைப் பார்த்தேன்.

"இருக்கேங்க" என்றேன்.

கணக்கப்பிள்ளை தலை நிமிராமல் பேரைப் பதிந்துகொண்டார்.